ஒறேஞ்ச் மேலங்கி

“யூ ஆர் லேட், ஜெயா” என்று அந்த வெள்ளைக்காரப் பெண் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டியபோது ஜெயசிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. பெயரைப் பதிந்து ஒரு கிழமைதான் ஆகிறது, அதற்குள் நினைவில் வைத்திருக்கிறாளே என்று உள்ளம் குளிர்ந்துபோனார்.

பிந்தியது உண்மைதான். கடற்கரையில் குப்பை பொறுக்கும் நற்பணி எட்டு மணிக்கு என்றுதான் அறிவித்திருந்தார்கள். ஆனால் முப்பது வருடமாக மெல்பேர்னில் தமிழ் விழாக்களுக்குப் போய்ப் பழகிய மனிதருக்கு எட்டு மணி என்றால் ஒன்பதரை. நோபல் பார்க் வீட்டில் ஆறுதலாக இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு சீஃபோர்ட் கடற்கரைக்கு வந்து பார்த்தால், வெள்ளை வான் ஒன்றின் பக்கத்தில் ஒறேஞ்ச் மேலங்கி போட்டவர்கள் பாதி வேலையை முடித்திருந்தார்கள்.

அந்தப் பெண் கையிலிருந்த பட்டியலில் ஒரு ஜெயாவுக்கு நேரே சரி போட்டாள். அவருக்கும் ஒரு மேலங்கியும் நீளமான இடுக்கியும் கிடைத்தன. வேலை நேரத்தில் ஃபோனை எடுக்கக்கூடாது என்றும் அந்தப் பெண் கண்டிப்பாகச் சொன்னாள். தொண்டு என்றால் இப்படியல்லவா ஒழுங்கு இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவர் குனிந்தார்.

ஜெயசிங்கத்துக்குப் பிடிக்காத நற்பணி உலகத்தில் கிடையாது. புற்றுநோய்க்கு ஒரு ரீசேர்ட், கோவாலாவுக்கு ஒரு குவளை, நவம்பரில் ஆண்கள் நலத்துக்காக ஒரு மீசை என்று எதையும் விட்டுவைத்ததில்லை. அலுமாரி நிறையச் சேவைதான். வியர்வை மட்டும் எதிலும் பட்டதில்லை.

போன முறை ஊர்ச்சங்கத் தலைவர் தேர்தலில் அதுதான் காலை வாரியது. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் முரளிதரன் எதிர்த்து நின்றான். “ஜெயசிங்கம் அண்ணைக்குச் சேவை எண்டால் சேர்ட்டில இருக்கிற எழுத்துத்தான்” என்று மேடையில் ஒரே ஒரு வசனம் சொன்னான், அவ்வளவுதான், சபை சிரித்து முடித்துவிட்டது. அடுத்த தேர்தல் நாளைக்கு, இந்த முறையும் முரளிதரன்தான் எதிர்த்து நிற்கிறான். வெயிலில் வெந்து உழைக்கிற ஒரு படமாவது இன்றைக்குச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாகவேண்டும்.

“பேர் பதிஞ்சதுக்குத் தபாலில வந்த நீலத் தொப்பியைப் போடுங்கோ, மண்டை வெடிக்கப்போகுது” என்று மனைவி மரியமலர் சொல்லித்தான் அனுப்பினாள். தொப்பி அவருடைய தலைக்குச் சின்னது. அது காரிலேயே கிடந்தது.

முப்பத்தெட்டுப் பாகை வெயில். அரை மணித்தியாலத்தில் அவருடைய இடுப்பு தனிக்கட்சி தொடங்கிவிட்டது. நல்லவேளையாகப் பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தவர் தமிழர், நாற்பது வயது இருக்கும், பெயர் நிஷான்.

“எவ்வளவு காலமா வாறீர், தம்பி?”

“ஆறு மாதமா, ஒவ்வொரு சனியும். மழையெண்டாலும் விடேலாது அண்ணை.”

“நல்ல மனம். வீட்டில எல்லாருக்கும் பெருமையா இருக்குமே?”

“மனுசியைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. தயவுசெய்து படம் கிடம் எடுத்துப்போடாதேங்கோ.”

ஜெயசிங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது. ஆறு மாதம் தொண்டு செய்தும் வாய் திறக்காத மனிதன் எங்கே, அரை மணித்தியாலத்தில் படத்துக்கு அலைகிற தான் எங்கே. தானும் கொஞ்ச நேரம் அடக்கமாக இருந்து பார்த்தார். முடியவில்லை.

கரையின் அந்தப் பக்கத்தில் நீலத் தொப்பிக் கூட்டம் ஒன்று பாட்டுப் போட்டு சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தது. “பாரும், நாங்கள் இங்க முறியிறம், அதுகள் பிக்னிக் கொண்டாடுதுகள்” என்று அலுத்துக்கொண்டார். நிஷான் குனிந்து ஒரு போத்தல் மூடியைப் பொறுக்கினார்.

அந்தப் பெண் தண்ணீர் எடுக்க வானுக்குப் போன இடைவெளியில் ஜெயசிங்கம் ஃபோனை உருவினார். மேலங்கி தெரிய, குப்பைப் பை தெரிய, பின்னால் வானும் தெரிய ஒரு செல்ஃபி. “ஓய்வு நாளிலும் ஓயாத பணி” என்று எழுதிச் சங்கக் குழுவுக்கு அனுப்பினார்.

வழக்கமாக யாராவது பூனைப் படம் போட்டாலே இதயங்கள் கொட்டும் குழு அது. இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. மரியமலர் இரண்டு தடவை அழைத்தாள், வேலை நேரம் என்று வெட்டிவிட்டார். பிறகு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் முரளிதரன்.

“அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. தேர்தலில நான் நிக்கேல்லை. நாங்கள் எல்லாரும் உங்களோடதான்.”

ஜெயசிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே படத்தில் எதிரியைச் சாய்த்துவிட்டார். இந்தச் சந்தோசத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவார் போலிருந்தது. ஃபோனை நிஷானிடம் நீட்டினார்.

நிஷான் படத்தைப் பார்த்தார். பிறகு ஜெயசிங்கத்தைப் பார்த்தார். “ஊர்ச்சங்கக் குறூப்பிலயோ போட்டனீங்கள்?”

“ஓம். இதில ஒளிக்க என்ன இருக்கு?”

நிஷான் மரியாதையோடு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

“உங்கட துணிவு எனக்கில்லை அண்ணை. நான் குடிச்சுப்போட்டுக் கார் ஓடிப் பிடிபட்டதுக்குக் கோர்ட் இதைத் தண்டனையாத் தந்தது. உங்களுக்கு என்ன கேஸ்?”