கொண்டுவந்து சேர்த்தவர்

தீர்ப்பின் முப்பத்தொன்றாம் பக்கத்தை வக்கீல் இருதயராஜ் மூன்றாம் முறையாக வாசித்துக் காட்டினார்.

அவளுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. அடிபட்டவரைச் சாகட்டும் என்று வரப்பிலேயே போட்டுவிட்டு ஓடியவனுக்கு இரக்கம் காட்ட இயலாது.

அதனால்தான் பத்து வருடம்.

அடிக்கவில்லை என்று இனி வாதாடப் போவதில்லை. தண்டனையைக் குறைக்கச் சொல்லித்தான் மேல்முறையீடு. அதற்கு அவள் புருஷன் பக்கம் ஏதாவது ஒரு நல்லது வேண்டும்.

வயதான தாய் இருக்கிறாளா என்று கேட்டார். போன மாசியில்தான் போய்ச் சேர்ந்தாள். முன்பு ஏதாவது வழக்கு? கிடையாது. அது எல்லோரும் சொல்வதுதான் என்று உதட்டைப் பிதுக்கினார். சிறையில் நன்னடத்தை? வார்டனிடம் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட நடத்தைதான் இருக்கிறது.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. தண்ணீர் முறைக்காக மண்வெட்டிப் பிடியால் சோலையப்பன் மண்டையில் போட்ட அந்த மனுஷன்மேல். பழைய வக்கீல்மேல். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய தன்மேல்.

சொல்லிவிட்டாள்.

"அவரு ஓடல சார். அவருதான் வண்டியில தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேத்தாரு."

இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

வழக்குக் கட்டைப் பிரித்து ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்தார். கொண்டுவந்து சேர்த்தவர் என்ற இடத்தில் 'தெரிந்த நபர்' என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் கேட்பதற்குள் அவன் நழுவியிருந்தான். சோலையப்பனுக்கு மூன்று நாள் நினைவே இல்லை.

"இத ஏம்மா கீழ்க்கோர்ட்ல சொல்லல?"

எப்படிச் சொல்வது?

அன்றைக்கு அவன் ஊரிலேயே இல்லை என்றல்லவா பழைய வக்கீல் வாதாடினார். புருஷனும் பெண்டாட்டியும் பழனிக்கு மொட்டை போடப் போயிருந்தார்களாம். சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, அவளேதான் சொன்னாள்.

நீதிபதி அதை நம்பவில்லை. நம்பாததோடு விட்டாரா? ஓடிப்போனான் என்றும் எழுதிவிட்டார். அவர் மட்டும் என்ன செய்வார். ஊரிலேயே இல்லாதவன் ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதே.

இருதயராஜ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பழைய வக்கீலை வாய்க்குள்ளேயே ஏதோ திட்டினார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். புருஷன் சொல்லிக் கேட்டது செல்லாது. கண்ணால் பார்த்தவர் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். அது அவளாக இருக்கக் கூடாது. பொய்ச்சாட்சி சொன்னேன் என்று அவளே எழுதிக் கொடுத்தால் அவள்மேலும் வழக்கு வரும். உள்ளே போக வேண்டியிருக்கும்.

"வேற யாராச்சும் பாத்திருந்தா கூட்டிட்டு வாங்க. நீங்க இதுல வரவேணாம்."

மகள் ஐந்தாம் வகுப்பு. சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். சாவி மகளிடம் இல்லை.

அவள் எழுந்துகொள்ளவில்லை.

"வேற யாரும் இல்ல சார். அவரு வண்டிய ஓட்டுனாரு. சோலையப்பன் நடுவுல. அந்தாளு சாயாம பின்னாலருந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தது நாந்தான்."

இருதயராஜ் எழுதாமல் அவளையே பார்த்தார்.

"எழுதுங்க சார்."