பரிந்துரைக்கு வந்தவள்

வங்கிக்காரப் பையன் கோப்பைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பினான்.

யுஸ்மெலி எல்லாவற்றையும் வரிசையாகத்தான் அடுக்கியிருந்தாள். முதலில் குடியேற்ற அனுமதி. அடுத்து, பள்ளித் தலைமையாசிரியை எழுதிக் கொடுத்த கடிதம். அதற்குப் பின்னால், மாதம் தவறாமல் கட்டிய தவணை ரசீதுகள், தேதிவாரியாக.

பக்கத்து நாற்காலியில் தோன்யா ஒத்தீலியா உட்கார்ந்திருந்தார். யுஸ்மெலி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி; தோன்யா என்பது பெரியம்மாக்களை அங்கே மரியாதையாக அழைக்கும் சொல். காலடியில் அவருடைய குடை சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளூரில் தெரிந்தவர் யாராவது ஒருவர் உடன் வந்து பரிந்துரை சொன்னால் நல்லது என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். அதற்காக, போகோத்தாவின் காலை மழையில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

பையனின் சட்டையில் ஃபாபெர் என்று பெயர் குத்தியிருந்தது. அனுமதி எண்ணைத் தட்டினான். திரையைப் பார்த்தான். மறுபடி தட்டினான்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கம்மா?"

"நாலு."

"நாலு வருஷத்துல யார்கிட்டயும் நீங்க ஒரு பெசோகூடக் கடன் வாங்கல. அதான் சிக்கல். கம்ப்யூட்டரப் பொறுத்தவரைக்கும் இந்த நாட்டுல நீங்க இன்னும் பொறக்கவே இல்ல."

தோன்யா ஒத்தீலியா சிரித்துவிட்டார். "கேட்டுக்க கண்ணு. கடன் வாங்காதவளுக்குக் கடன் கெடையாதாம். இனிமே நீ கொஞ்சம் கெட்டுப்போகணும்."

யுஸ்மெலிக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பெரிய அடுப்பு ஒன்று வந்தால்தான் பள்ளிக்கூட கேன்டீன் அவளுக்கு. அவள் சுட்ட ஹாம் ரொட்டியைத் தின்று பார்த்துவிட்டுத் தலைமையாசிரியையே கூப்பிட்டுக் கேட்டது அது. அடுப்புக் கடைக்காரனோ கிரெடிட் கார்டு இருந்தால்தான் தவணை என்கிறான். இன்றைக்குப் புதன்.

அவள் எழுந்து, ரசீதுக்கட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"கடன் வாங்கியிருக்கேன் தம்பி. ஃபிரிட்ஜ் வாங்கினேன். மாசக் கட்டணத்துல போன் எடுத்தேன். எல்லாம் நான் கட்டினதுதான். பாருங்க."

அவன் பார்த்தான். முதல் ரசீது, கடைசி ரசீது, நடுவிலிருந்து ஒன்று.

"இதுல ஒத்தீலியா கார்தெனாஸ்னு பேரு இருக்கே?"

"அது நான்" என்றார் தோன்யா.

எல்லைக்கு அந்தப் பக்கம், மரகாய்போவிலிருந்து வந்து இறங்கியபோது யுஸ்மெலியின் கையில் எந்தக் காகிதமும் இல்லை. ஃபிரிட்ஜுக்குத் தோன்யாதான் தன் அடையாள எண்ணைக் கொடுத்தார், போனுக்கும் அவர்தான். கையெழுத்து என்னுது, கட்டறது உன்னுது என்றார். அன்றைக்கு யுஸ்மெலி அவர் காலில் விழாத குறை. அனுமதி கிடைத்த பிறகும், ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதை எதற்குக் கலைக்க வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

"ஆனா பணம் என்னோடது" என்றாள்.

"பணம் யாருதுன்னு இதுல வராதும்மா. பேருதான் வரும்."

சொல்லிவிட்டு அவன் தோன்யாவின் பக்கம் திரும்பினான். எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினான்.

எண்ணைத் தட்டியதும் அவன் முதுகு நிமிர்ந்தது.

"தோன்யா ஒத்தீலியா, உங்களுக்கு ரெடியா இருக்கே! ஏற்கெனவே அனுமதியான கார்டு. இவ்வளவு சுத்தமான கணக்கு இந்தக் கிளையில ரொம்பப் பேருக்குக் கெடையாது. உங்கள மாதிரி ஆளுங்களத்தான் நாங்க தேடிட்டிருக்கோம்."

"எனக்கா? நான் கையில காசில்லாம கடைப்பக்கமே போகமாட்டேனே தம்பி" என்றார் அவர். ஆனால் அட்டையைத் திரும்ப வாங்கக் கை நீட்டவில்லை. கொண்டைப் பக்கம் ஒருமுறை தடவிச் சரிசெய்துகொண்டார். யுஸ்மெலியைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினார்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? நல்லதுதானே நடந்திருக்கு. அடுப்ப என் கார்டுல எடுத்துடலாம். கேன்டீனையும் என் பேருலயே எழுதிடச் சொல்றேன், உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? நீ பாட்டுக்குச் சுடு. சம்பளம்னு ஒண்ணு போட்டுக்கலாம். தவணைய மட்டும் எப்பவும்போல மாசாமாசம் கட்டிட்டு வா."

அவர் கெட்டவர் இல்லை. அதை அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

அச்சு இயந்திரம் தாள்களைத் துப்பியது. தோன்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃபாபெர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கடைசித் தாளில் அவன் நிறுத்தினான்.

"ஒரு பரிந்துரை வேணும். உங்களத் தெரிஞ்சவங்க யாராவது."

"இதோ, இவ இருக்காளே."

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லன்னீங்களே?" என்றாள் யுஸ்மெலி.

"இதுக்கு அதெல்லாம் தேவையில்லம்மா. ஒரு பேச்சுக்குத்தான்."

அவளுடைய முழுப்பெயரைக் கேட்டுக் கணினியில் ஏற்றினான். போன் எண்ணைக் கேட்டான். பிறகு, திரையில் இருந்த கேள்வியை அப்படியே வாசித்தான்.

"இவங்க தவணையெல்லாம் ஒழுங்கா கட்டறவங்களா?"

தோன்யா ஒத்தீலியா குனிந்து, நனைந்த குடையை மடித்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கார்டு நின்றுவிடும். அடுப்பும் நின்றுவிடும்.

"நாலு வருஷமா" என்றாள் யுஸ்மெலி, "ஒரு நாள்கூடத் தவறினதில்ல."