மாப்பிள்ளை வண்டி விளக்கு

காரின் இடது பக்கப் படியில் குத்தவைத்து உட்கார்ந்து, பித்தளை டப்பாவின் திருகைக் கால் சுற்று தளர்த்தினார் பீர் மைதீன்.

உள்ளே கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பூண்டு அழுகியது போல ஒரு வாடை எழுந்தது. கேஸ் ரப்பர் குழாய் வழியாக முன்பக்கம் போய்ச் சேரும்வரை காத்திருந்து தீக்குச்சியைக் காட்டினார். இரண்டு விளக்குகளும் வெள்ளை வெளேரென்று பற்றிக்கொண்டன.

அது 1988. தெருவில் டியூப் லைட் இருந்தும், அந்த வெளிச்சத்தைப் பார்க்க எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள்.

ராஜபாளையத்து மில்காரர் ஒருவரின் மூடியில்லாத பழைய கார் அது. சுற்றுவட்டாரக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு வரும். எப்போதும் டிரைவர் சமுத்திரம் பேட்டரி பல்பைக் கட்டித்தான் ஓட்டுவார். கார் வந்த காலத்துக் கேஸ் விளக்கை எரிய வைக்க ராஜபாளையத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பீர் மைதீனுக்கு. தண்ணீர் கூடுதலாகச் சொட்டினால் தீ உயர்ந்து கண்ணாடியில் கரி பிடிக்கும். குறைந்தால் அணைந்துவிடும். அதனால் அவரும் வண்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தார்.

மாப்பிள்ளையின் தாயார் ரஹ்மத் பீவியும் வாசலுக்கு வந்தார். படியில் இருந்த ஆளைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சிறிது நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா பிச்சை முகம்மது இறங்கி வந்தார். யாருக்கும் கேட்காதபடி குனிந்து சொன்னார்.

"லைட்டு வேலைக்கு வந்திருக்கீரு. லைட்டோட இருந்துக்கிடும். பள்ளிவாசலுக்குள்ள கால் வைக்கப்படாது."

பீர் மைதீன் தலையை ஆட்டினார். கை திருகிலேயே இருந்தது.

மாப்பிள்ளை ஏறும்போது புதுச் செருப்பு அவருடைய முழங்கையில் உரசியது. அப்போதும் அவர் நிமிரவில்லை. ஊர்வலம் முழுக்கக் கொட்டுச் சத்தத்தையும் பன்னீர்த் துளிகளையும் வாங்கிக்கொண்டு, விளக்கின் நாக்கை மட்டுமே பார்த்து வந்தார்.

பள்ளிவாசல் முன்பு எல்லோரும் இறங்கி உள்ளே போனார்கள். சமுத்திரம் டீ குடிக்கப் போனார். தெருவில் இரண்டு விளக்குகளும் பீர் மைதீனும் மட்டும் மிஞ்சினார்கள். கல் தீராமல் இருக்க விளக்கை அணைத்துவைத்திருக்கலாம். அவர் அணைக்கவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஹஜரத் நிக்காஹ் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"ராஜபாளையம் பீர் மைதீன் மகன், மணாளர் அகமது கபீர்..."

தாய்மாமா எதை மறைத்தாலும் தகப்பன் பேரை மாற்றி எழுத முடியவில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மகனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, ஒரு கோபத்தில் ஜமாத்தார் முன்னிலையில் பீர் மைதீன் தலாக் சொன்னார். மறுநாள் விடிந்ததும் போய் மன்னிப்புக் கேட்டார். சொன்னது சொன்னதுதான் என்றார்கள். பிள்ளையைத் தாய்மாமா தூக்கிக்கொண்டு போய்விட்டார். பீர் மைதீன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் சட்டை எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு சட்டையும் திரும்பி வந்தது. பிறகு பையனுக்கு என்ன அளவு எடுப்பதென்று தெரியாமல் அதையும் நிறுத்தினார். ஒரு தடவை பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். மணி அடித்து வெளியே ஓடிவந்த அத்தனை வெள்ளைச் சட்டைகளில் எது தன் மகன் என்று தெரியவில்லை.

போன வாரம் சமுத்திரம் பட்டறைக்கு வந்து இந்தத் தெருவையும் வீட்டையும் சொன்னபோது, அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே வருகிறேன் என்று சொன்னார்.

உள்ளே துஆ ஓதினார்கள். பீர் மைதீன் தெருவில் நின்று கையேந்தினார். விரல்களில் வெந்த கல்லின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

டீ குடித்துத் திரும்பிய சமுத்திரம் ஒரு சங்கதி சொன்னார். பல்பே போதும் என்றுதான் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்களாம். கேஸ் விளக்கு எரியாவிட்டால் வண்டியே வேண்டாம் என்று மாப்பிள்ளைதான் ஒரே பிடியாக நின்றாராம். படித்த பையனுக்குப் பழைய சாமான் மேல் இருக்கிற ஆசையைப் பாருங்கள் என்று சிரித்தார்.

பீர் மைதீன் சிரிக்கவில்லை. துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

மாலையும் கழுத்துமாக மகன் வந்து ஏறினான். பக்கத்தில் தாய்மாமா உட்கார்ந்தார். பெண் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஊர்ந்து போனாலும் பத்து நிமிஷம் ஆகாது. அதோடு விளக்குக்காரருக்கு வேலை முடிந்தது.

வண்டி நகர்ந்ததும் மகன் படிப் பக்கமாகக் குனிந்தான். பாய் என்றோ அண்ணே என்றோ எந்த முறையும் வைக்காமல் கேட்டான்.

"லைட்டு இன்னும் எம்புட்டு நேரம் எரியும்?"

பையில் ஒரு பிடி கல்தான் மிச்சமிருந்தது.

"எம்புட்டு நேரம்னாலும் எரியும்" என்றார் பீர் மைதீன். வளர்ந்த அந்த முகத்தை முதல் தடவையாகப் பக்கத்தில் பார்த்தார்.

மகன் நிமிர்ந்து, மதுரை ரோட்டு வழியாக ஊரைச் சுற்றிப் போகும்படி சமுத்திரத்திடம் சொன்னான். தாய்மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகன் அவர் பக்கம் திரும்பவில்லை.

வண்டி பெண் வீட்டுத் தெருவைத் தாண்டிப் போனது.