இரண்டாவது டிஸ்க்கில் மாமா

ஆனையூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெயராமுக்கு, தான் போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஆள் என்று ரொம்ப நாளாக ஒரு நினைப்பு. ரிப்பேருக்கு வருகிற கம்ப்யூட்டரைவிட, அதைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளைத்தான் முதலில் ஆராய்வார்.

செவ்வாய்க்கிழமை காலை விருமாண்டி வந்தபோதும் அப்படித்தான் ஆராய்ந்தார். விருமாண்டி வேறு யாருமில்லை, அந்தக் கட்டடத்தின் ஓனர் சிவனாண்டியின் மருமகன். சிவனாண்டி மேலே மாடியில்தான் குடியிருக்கிறார். பேப்பரில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை மேஜையில் வைத்துவிட்டு, விருமாண்டி ஒரு தடவை மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

“ஃபிளெக்ஸ் கடை செல்வக்குமார் குடுத்துவிட்டான்ணே. அவன் சிஸ்டத்துல ரெண்டாவதா மாட்டியிருந்த டிஸ்க்காம். டிசைன் அம்புட்டும் இதுக்குள்ளதான் கெடக்கு. முந்தாநாள்லருந்து சிஸ்டம் இதக் கண்டுக்கவே மாட்டேங்குது.”

“எல்லாத்தையும் எடுக்கணுமா?”

“எனக்கு எங்க மாமா போட்டோ போட்ட ஃபைல் ஒண்ணு போதும். வெள்ளிக்கிழமைக்கு வேணும்.” விருமாண்டியின் குரல் இறங்கியது. “மாமா காதுக்கு மட்டும் போயிரக் கூடாதுண்ணே. அன்னிக்கு வரைக்கும் அவருக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. சாயங்காலம் வாரேன்.”

ஜெயராமுக்கு அப்போதே மூக்கு வேர்த்துவிட்டது.

கேபிளை மாற்றினார். வேறு போர்ட்டில் செருகினார். தன்னுடைய சிஸ்டத்திலும் மாட்டிப் பார்த்தார். உள்ளே சுற்றுகிற சத்தம் கேட்கிறது, திரையில் மட்டும் வரக் காணோம். ஒருவழியாக, பெயர்கூட இல்லாமல் ஓர் ஓரத்தில் தலைகாட்டியது. ரெக்கவரி சாஃப்ட்வேரை ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விட்டு வந்தால், ஃபைல்கள் சாரிசாரியாக வந்து விழுந்துகொண்டிருந்தன. எதற்கும் பெயர் இல்லை, வெறும் நம்பர். ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். காதுகுத்து, கிடாவெட்டு, வார்டு செயலாளர் பிறந்தநாள், மறுபடியும் காதுகுத்து.

நூற்று நாற்பதாவது ஃபைலில் சிவனாண்டி சிரித்துக்கொண்டிருந்தார். அதே முறுக்கு மீசை. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘மறைவு’ என்று போட்டு ஒரு தேதி.

ஜெயராம் காலண்டரைப் பார்த்தார். வருகிற வெள்ளிக்கிழமை!

மாடியில் சிவனாண்டி, மோட்டாரை அணைக்காமல் விட்டது எவன் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பாவம், மனுஷன் இன்னும் மூன்று நாள்தானே சத்தம் போட முடியும்! பொய் சொல்வானேன், ஜெயராமுக்குக் கொஞ்சம் குஷியாகவும் இருந்தது. முதலில், தெரிந்த ஏட்டு கருப்புக்குப் போன் போட்டார். அப்புறம் மாடிக்குக் குரல் கொடுத்தார்.

சிவனாண்டி இறங்கி வந்தார், திரையைப் பார்த்தார். அருவாளைத் தேடுவார் என்று எதிர்பார்த்தால், அவர் பிளாஸ்டிக் சேரில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“தெரிஞ்சுபோச்சு. மாப்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு!”

“என்னய்யா தெரிஞ்சுபோச்சு?” என்று கேட்டபடியே உள்ளே வந்தார் ஏட்டு.

“மொதல்ல எனக்குப் பாதுகாப்பு குடுங்க ஏட்டையா.”

“குடுக்கலாம். பெத்த பொண்ணக் கட்டுனவன் உங்கள எதுக்குக் கொல்லணும்? காரணம் இல்லாம புகார் எழுதுனா எங்க எஸ்.ஐ. என்னயத்தான் வைவாரு.”

சிவனாண்டி தண்ணீர் கேட்டு வாங்கி, சட்டையெல்லாம் நனையக் குடித்தார்.

“கீழக்குயில்குடிப் பக்கம் மாப்ளைக்கு ஒண்ணரை ஏக்கர் தோட்டம் இருந்துச்சு. அவரு துபாய்ல இருந்தப்ப, அவரு பேர்ல வேற ஒரு ஆள நிறுத்தி, பத்திரம் பதிஞ்சு வித்துட்டேன். தண்ணி இல்லாத பூமிதானே, எங்க போய் எட்டிப் பாக்கப்போறாருன்னு இருந்துட்டேன். பாத்துட்டாரு!”

“எந்த வருஷம்? நிறுத்துன ஆளு யாரு?”

சிவனாண்டி வருஷம் சொன்னார், ஆள் பெயர் சொன்னார், அந்த ஆளுக்கு மீசை ஒட்டிவிட்டவன் பெயரும் சொன்னார். ஏட்டு கேட்காததையெல்லாம் சொன்னார். உயிர்ப் பயம் அப்படி. ஏட்டு ஓர் எழுத்து விடாமல் எழுதி நீட்ட, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்தும் போட்டார்.

பேனாவை மூடும்போது வாசலில் பைக் வந்து நின்றது. செல்வக்குமாரும் விருமாண்டியும் உள்ளே நுழைந்தார்கள். மாமனாரைக் கண்டதும் விருமாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“அண்ணே, மாமாகிட்ட மூச்சு விடாதீங்கன்னு அம்புட்டுத் தூரம் சொன்னேன்ல!”

ஏட்டு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “ஏன்டா, ஆளு உசுரோட இருக்கும்போதே அஞ்சலி அடிக்கக் குடுப்பியா?”

“என்ன அஞ்சலி?” விருமாண்டி திருதிருவென்று முழித்தான்.

மானிட்டரை எட்டிப் பார்த்த செல்வக்குமார், பட்டென்று தலையில் அடித்துக்கொண்டான்.

“ஐயையோ, இது மாமா பேர்ல விருமாண்டி அண்ணே தொறக்கப்போற அரிசிக் கடைக்கு ‘வருக வருக’ பேனர் ஏட்டையா, பழைய அஞ்சலி ஃபைல எடுத்து, போட்டோ, பேரு, தேதி மூணையும் மாத்திட்டு மத்ததுக்கு வாரதுக்குள்ள, பாழாப்போன டிஸ்க்கு படுத்துருச்சு!”