வெளிச்சத்தம் கேட்கும் ஹெட்போன்

“இது காதை நல்லா மூடிக்கும் மேடம். வெளிச்சத்தமே கேக்காது,” என்றார் ஓசூர் கடைக்காரர் ஜமீர்.

கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் வேதவல்லி உதட்டைப் பிதுக்கினாள். “வேற?”

“இது ஓப்பன் டைப். பக்கத்துல பேசறதெல்லாம் கேக்கும். உங்க பாட்டும் அவங்களுக்குக் கேக்கும்.”

“இதான் வேணும்! எங்க கம்ப்யூட்டர்ல பாட்டே வராது பாய். நான் இருந்தா எல்லாரும் எனக்குப் புரியாத கன்னடத்துக்கு மாறிடறாங்க. இத மாட்டிட்டு உக்காந்தா, எனக்குக் கேக்காதுன்னு தமிழ்லயே பேசுவாங்க.”

ஜமீர் அவளுடைய கம்பெனி பேட்ஜைப் பார்த்துச் சிரித்தார். “போன வாரம் உங்க மேனேஜரும் ஒட்டுக்கேக்கத்தான் இதே மாடல் வாங்கிட்டுப் போனாரு.”

வேதவல்லி பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டாள். ஒரு வாரமாக, ஹெட்போன் மாட்டிய மேனேஜரின் மேஜை முன்னால் நின்றுதான், அவருடைய கன்னடத் தமிழை அவள் அப்படியே பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள்.