வரிசை

"மேடம், அந்தப் பேஷண்டோட மகன் நாலாவது தடவையா லைன்ல இருக்கார்" என்றாள் டெக்னீஷியன்.

லேபின் தலைமை டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வரிசைப்படிதான் ரிப்போர்ட் வரும்னு சொல்லு."

"பாவம் மேடம். அம்மாவுக்குக் கேன்சரா இருக்குமோன்னு தவியாத் தவிக்கிறார். அதை மட்டும் முதல்ல பாத்துக் குடுத்துட்டா என்ன?"

"அதுக்கு முன்னாடி பதினோரு பேர் இருக்காங்களே, அவங்க வீட்டுல யாரும் தவிக்க மாட்டாங்களா?"

சரியான கல்நெஞ்சக்காரி என்று டெக்னீஷியன் மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

மூன்று மணிக்குத்தான் அந்த ஸ்லைடின் முறை வந்தது. டாக்டர் அதை இரண்டு தடவை பார்த்தாள். பக்கத்து அறை டாக்டரையும் அழைத்துப் பார்க்கச் சொன்னாள். பிறகு அவளே ஃபோனை எடுத்தாள்.

"என்னங்க, சாதாரணக் கட்டிதான். கேன்சர் இல்ல. ஃபோனை அத்தைகிட்ட குடுங்க, நானே சொல்றேன்."