ஒன்பது தோல்வி

"மூணு ஜெயிச்சு ஒம்பது தோக்கறதுக்கு எதுக்குக் கோச்சு? என் மாமியாரை மைதானத்துல நிக்க வெச்சிருந்தாலே மூணு ஜெயிச்சிருக்கும்!"

டயர் கடை வெர்லின் போட்ட சத்தத்தில் தட்டிலிருந்த முட்டையே ஒரு முறை அதிர்ந்தது.

"உன் மாமியார் தடுப்பாட்டத்துக்கு வேணா லாயக்கு. அந்தம்மாவைத் தாண்டி எவன் போவான்?" என்றாள் எதிரில் இருந்த டார்லா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். முதல் சுற்றை முடித்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தாள்.

சனிக்கிழமையோடு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கடைசி ஆட்டமும் முடிந்துவிட்டது. ஜனவரியில் புதுத் தலைமைக் கோச் ஹேலும் அவருடைய ஆட்களும் வந்து இறங்கியபோது, கான்சாஸின் அந்தச் சின்ன ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. இப்போது டிசம்பர். மைதானத்துக்கு எதிரே இருந்த ஓபலின் உணவகத்தில் அத்தனை பேரையும் வறுத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலாவது முயற்சி, ஒரு கெஜம்தான் போகணும். பந்தைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு இடிச்சுத் தள்ளிட்டுப் போவானா, தூக்கி எறிவானா? எறியச் சொல்றாரு ஹேல்!"

"அவரை விடு. அந்தத் தடுப்பாட்டக் கோச் வெஸ்லி ப்ரூக்ஸ் என்னத்தைக் கிழிச்சாரு? நம்ம வீட்டுக் கொல்லைக்குப் போயிட்டு வர்ற மாதிரி எதிராளி நம்ம எல்லைக்கோட்டைத் தாண்டித் தாண்டி டச்டவுன் வெச்சுட்டு வர்றான். நாப்பத்திரெண்டு பாயிண்ட்!" என்றாள் டார்லா.

"ரொம்பச் சரியாச் சொன்னீங்கம்மா."

பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது. எழுபது வயதிருக்கும். கம்பளிச் சட்டை, சவரம் செய்யாத முகம். ஊருக்குப் புதியவர்.

"வழியில சாப்பிட நின்னேன். சனிக்கிழமை டிவியில நானும் பார்த்தேன். தோத்ததுக்கெல்லாம் அந்த ப்ரூக்ஸ்தான் காரணம்."

"அப்படிப் போடுங்க!" என்றார் வெர்லின்.

"அவனுக்கு இந்த வேலையே சரிப்படாது. ஆட்டம் கையை விட்டுப் போகுது, இவன் ஓரமா நின்னு நகத்தைக் கடிக்கிறான். இவனுக்கு எவன் வேலை குடுத்தான்?"

டார்லா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அவரை மட்டும் சொல்லிப் புண்ணியமில்ல, பெரியவரே. பழைய கோச் போகும்போது பத்தொம்பது பசங்களைத் தன்னோட கூட்டிட்டுப் போயிட்டாரு. மிச்சமிருந்தது சின்னப் பசங்க."

"சாக்குச் சொல்றவனுக்கு ஆயிரம் சாக்கு கிடைக்கும்."

"சாக்கு இல்ல சார்." வெர்லின் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "மொத நாலு ஆட்டத்துல மானம் போச்சு, ஒத்துக்கறேன். கடைசி அஞ்சுல மூணு ஆட்டம் ஆறு பாயிண்டுக்குள்ளதான் தோத்தோம். இடுப்பைப் பிடிச்சு ஆளைச் சாய்க்கவே தெரியாம வந்த பசங்க அவங்க. யாரு கத்துக் குடுத்தது?"

"இப்பத்தானே என்னத்தைக் கிழிச்சான்னு கேட்டீங்க?"

"கேட்டது இவ. நானும் கேட்பேன். நாங்க கேட்கலாம்."

ஓபல் காபிக் கூஜாவோடு வந்தாள். வெர்லினுக்கு ஊற்றினாள், டார்லாவுக்கு ஊற்றினாள், பெரியவர் நீட்டிய கோப்பையைப் பார்க்காதவள் போலத் தாண்டிப் போனாள்.

பெரியவர் விடுவதாக இல்லை. "பசங்களுக்கு அவன்மேல மரியாதை இருக்கற மாதிரியே தெரியலையே. வாய் திறந்து ஒரு அதட்டல் போடத் தெரியுதா அவனுக்கு?"

"உங்களுக்கு என்ன தெரியும்?" டார்லா எழுந்தே விட்டாள். "அக்டோபர்ல ஒரு பையன் காலை ஒடிச்சுக்கிட்டான். அவன் அம்மா ஜார்ஜியாவுலேர்ந்து வந்து சேர ரெண்டு நாளாச்சு. அந்த ரெண்டு நாளும் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து சோறு ஊட்டினது யாரு தெரியுமா? ப்ரூக்ஸ்! என் தங்கச்சி அங்க நர்ஸு, கண்ணால பார்த்தவ. பசங்க அவருக்காக உயிரைக் குடுப்பாங்க. அதட்டினாத்தான் மரியாதையா?"

"நல்ல மனசு பாயிண்ட் எடுக்காதும்மா. பேசாம மூட்டை கட்டி அனுப்பிடுங்க. அவனே போயிட்டாலும் உங்களுக்கு நிம்மதிதானே?"

"போவாரா?" வெர்லின் சிரிக்கவில்லை. "அவர் வண்டி டயர் நாலையும் கழட்டி என் கடையில வெச்சுக்குவேன். எப்படிப் போறாருன்னு பார்க்கலாம். அடுத்த வருஷம் இந்தப் பசங்களை வெச்சு அவர் என்ன பண்றாருன்னு நான் பார்க்கணும்."

"எங்க வீட்டுப் பிள்ளையை நாங்க அடிப்போம், அணைப்போம்" என்றாள் டார்லா. "வழிப்போக்கருக்கு இங்க என்ன பேச்சு? சாப்பிட்டாச்சில்ல? கிளம்புங்க."

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். பாதி தின்ற பான்கேக்கை அப்படியே விட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

"மூஞ்சியைப் பாரு!" என்ற வெர்லினின் குரல் கதவு மூடும்வரை அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தவர் சாவியைத் திருப்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். மறுமுனையில் மணி ஒருமுறைதான் அடித்தது.

"வெஸ்லி, அந்த ராஜினாமாக் கடிதத்தைக் குடுத்துடாதே. உன்னை நாலு வார்த்தை திட்டிப் பார்த்தேன்டா, உன் ஊர்க்காரங்ககிட்ட அப்பா நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு வர்றேன்."